உருவமும் கருவும்: விண்மீன் பிறப்பைப் பற்றிய ஒரு கேள்வியின் வரலாறு

1845ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அயர்லாந்தின் பிர் என்னும் சிற்றூரில், மூன்றாம் ராஸ் பிரபுவான வில்லியம் பார்சன்ஸ் தம் கோட்டை வளாகத்தில் நிறுவியிருந்த தொலைநோக்கியின் வழியே ஒரு மங்கலான ஒளித்திட்டைக் கண்டார். ஆறடி விட்டமுள்ள உலோக ஆடி அதனுடையது. அன்றைய உலகில் அதனினும் பெரியது வேறில்லை. எம் 51 என்று வானியலாளர் எண்ணிட்டு வைத்திருந்த அந்தத் திட்டு, அவர் கண்ணுக்கு ஆற்றின் நீர்ச்சுழி போலத் தோன்றியது. நடுவில் ஓர் ஒளிமையம். அதனைச் சுற்றி வளைந்து விரியும் கரங்கள். விண்ணைப் படமெடுக்கும் கலை வளராத காலமாதலால், கண்டதைக் கையாலேயே வரைந்து வைத்தார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் நோய் விழுந்தது. பஞ்சம் நாட்டைச் சூழ்ந்தபோது பிரபுவின் கவனம் நிவாரணப் பணிக்குத் திரும்பியது. முறையான விண்நோக்கு சில ஆண்டுகள் தடைப்பட்டது.

அந்தக் கையோவியத்திலிருந்துதான் நாம் இங்கு பேசப்போகும் கேள்வி பிறக்கிறது. விண்மீன் மண்டலங்கள், அதாவது கேலக்ஸிகள், பல உருவங்களில் இருக்கின்றன. சில சுருள் வடிவின. சிலவற்றின் நடுவே விண்மீன்களாலான நீண்ட பட்டை ஒன்று குறுக்கே கிடக்கிறது. சில கரங்களே இல்லாத உருண்டைகள். இந்த உருவம் அந்த மண்டலத்துக்குள் நிகழும் விண்மீன் பிறப்பை எவ்வகையிலேனும் ஆள்கிறதா? அல்லது நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா?

உருவமா உள்ளடக்கமா என்று சிற்றிதழ்களில் பல்லாண்டுகள் வாதிட்ட மரபு நம்முடையது. உருவம் வெறும் பாத்திரமா, உள்ளிருப்பதை ஆக்குவதும் அதுதானா என்பதே அவ்வாதத்தின் சாரம். வானியலாளர் எதிர்கொண்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். அவர்களுக்கு வாய்த்த நற்பேறு, விடையை அளந்து பார்க்க முடிந்தது என்பது. அளக்க அளக்க அந்த விடை மாறியது என்பதே இந்த வரலாற்றின் சுவை.

*

விண்மீன் எதிலிருந்து பிறக்கிறது என்று தெரியாமல், எங்கே பிறக்கிறது என்று கேட்க முடியாது. பால்வெளியின் வெண்பட்டையில் ஆங்காங்கே கரிய இடைவெளிகள் உண்டு. அவை விண்மீன்களே இல்லாத வெற்றிடங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் பெரும் வானியலாளரான எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் அந்த இருட்டுகளைப் பொறுமையாகப் படமெடுத்தார். 1919இல் 182 கரும்புள்ளிகளின் பட்டியலை வெளியிட்டார். முதலில் தயங்கிய அவரே, இவற்றில் பல வெற்றிடங்களல்ல, பின்னிருக்கும் ஒளியை மறைக்கும் பருப்பொருள் என்ற முடிவுக்குப் படிப்படியாக வந்தார். 1923இல் அவர் மறைந்தார். அவருடைய பால்வெளிப் படத்தொகுப்பு, மேரி கால்வெர்ட்டும் எட்வின் ஃப்ராஸ்டும் முடித்துத் தர, 1927இல் வெளிவந்தது.

ஐயத்துக்கிடமற்ற சான்று விண்மீன் கொத்துகளிலிருந்து வந்தது. கொத்து என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுமீன் என்று பழந்தமிழர் அழைத்த கார்த்திகைதான் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கொத்துகளில் தலையாயது. ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்து, இன்னும் பிரியாத உடன்பிறப்புகள் அவை. 1930இல் லிக் வான்காணகத்தைச் சேர்ந்த ராபர்ட் ட்ரம்ப்ளர் இத்தகைய 100 கொத்துகளை ஆராய்ந்தார். ஒளியின் மங்கலைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டால், தொலைவிலுள்ள கொத்துகளெல்லாம் அருகிலுள்ளவற்றைவிடப் பெரியனவாக வந்தன. நம்மிடமிருந்து விலக விலகக் கொத்துகள் பெருப்பது இயற்கைக்கு ஒவ்வாதது. ஆகவே இடையில் ஏதோவொன்று ஒளியைக் குடிக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அது விண்மீனிடைத் தூசி. தூசி இருக்குமிடத்தில் வாயுவும் உண்டு. 1947இல் பார்ட் போக்கும் எடித் ரெய்லியும் சிறு கருந்திட்டுகளைச் சுட்டி, விண்மீன்கள் கருக்கொள்ளும் கூடுகள் இவையாக இருக்கலாம் என்றனர்.

இன்று நாம் அவற்றை மூலக்கூறு மேகங்கள் என்கிறோம். தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து 10, 20 பாகைகளே மேலான கடுங்குளிரில், ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறுகளாகக் கிடக்கும் இடம் அது. பெரிய மேகமொன்றின் நிறை லட்சம் சூரியன்கள் முதல் பத்து லட்சம் சூரியன்கள் வரை இருக்கும். அகலம் நூறு ஒளியாண்டுகளையும் தாண்டும். மேகத்தின் ஒரு பகுதி தன் ஈர்ப்பால் தானே சரியும்போது விண்மீன்கள் கொத்தாகப் பிறக்கின்றன. பிறந்த பெருவிண்மீன்களின் வெப்பமும் காற்றும் மேகத்தின் எஞ்சிய பகுதியைச் சிதறடிக்கின்றன. மேகத்தின் பெரும்பங்கு விண்மீனாகாமலே கலைந்துபோகிறது.

*

கருவறை எதுவென்று புலப்பட்ட அதே காலத்தில், அது எங்கே அமைகிறது என்பதும் புலப்படத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்குகளை மறைத்து இருளில் கிடந்தது. ஜெர்மானியக் குடிமகனாதலால் போர்ப்பணியில் சேர்க்கப்படாத வால்டர் பாடே, மவுண்ட் வில்சனின் நூறு அங்குலத் தொலைநோக்கியோடு அந்த இருளைப் பயன்படுத்திக்கொண்டார். ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் மையத்தில் செந்நிற மூத்த விண்மீன்களும், கரங்களில் நீலநிற இளம் விண்மீன்களும் இருப்பதை 1944இல் அறிவித்தார். நீல விண்மீன்கள் எரிபொருளை வாரி இறைத்து விரைவில் மடிபவை; பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் செல்ல அவற்றுக்கு ஆயுள் போதாது. எனவே அவை இருக்குமிடமே பிறந்தகம்.

அதே 1944இல், நாஜிகளின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், ஹெண்ட்ரிக் வான் டி ஹுல்ஸ்ட் என்னும் இளைஞர், ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை உமிழ வேண்டும் என்று கணித்துச் சொன்னார். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் அந்த அலையைப் பிடித்தனர். அதே ஆண்டின் டிசம்பரில் வில்லியம் மார்கனும் அவருடைய மாணவர்களான ஆஸ்டர்பிராக், ஷார்ப்லெஸ் இருவரும் நம் பால்வெளிக்கும் சுருள் கரங்கள் உண்டென்று, ஒளிமிக்க இளம் விண்மீன்களின் இருப்பிடங்களைக்கொண்டு நிறுவினர். அந்த அறிவிப்பைக் கேட்ட வானியலாளர்கள் கைதட்டியதோடு நில்லாமல், தரையைக் காலால் உதைத்தும் ஆரவாரித்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டின் வடிவத்தை அறிந்துகொண்ட களிப்பு அது.

ஆனால் கரங்கள் ஏன் நிலைக்கின்றன என்பது புதிராகவே நின்றது. மண்டலத்தின் உட்பகுதி விரைவில் ஒரு சுற்றை முடிக்கிறது. வெளிப்பகுதி மெல்லச் சுற்றுகிறது. சூரியன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கரம் என்பது ஒரே விண்மீன்களாலான பொருளாக இருந்தால், சில சுற்றுகளிலேயே நூற்கண்டுபோல இறுகிச் சுற்றிக்கொண்டு காணாமற்போயிருக்க வேண்டும். ஸ்வீடனின் பெர்டில் லிண்ட்பிளாட் நெடுங்காலம் சிந்தித்த இச்சிக்கலுக்கு 1964இல் சி. சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் ஒரு விடை தந்தனர். கரம் ஒரு பொருளன்று, அது ஓர் அடர்த்தி அலை என்றனர். தேர் மெல்ல நகரும் வீதியை எண்ணிப் பாருங்கள். பின்னால் நடந்து வருவோர் தேரை நெருங்கித் தேங்கி, மெல்ல ஒதுங்கி, முன்னே போய்விடுகிறார்கள். தேரைச் சுற்றிய நெரிசல் எப்போதும் இருக்கிறது. நெரிசலில் நிற்கும் ஆட்கள்தாம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கரமும் அப்படிப்பட்ட நெரிசலே.

1969இல் வில்லியம் ராபர்ட்ஸ் அடுத்த அடியை எடுத்துவைத்தார். வாயு அந்த நெரிசலுக்குள் ஒலியினும் மிகு விரைவில் பாய்வதால் அதிர்ச்சி அலை எழும், வாயு திடீரென இறுகும், மேகங்கள் சரியும், விண்மீன்கள் பிறக்கும் என்றார். சுருள் கரத்தின் வாயுவைத் தாங்கி நிற்கும் காந்தப்புலத்தைப் பற்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர் என்ரிகோ ஃபெர்மியுடன் சேர்ந்து 1953லேயே எழுதியிருந்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஆக, முதல் விடை முழுமை பெற்றது: கரமே தாய், உருவமே கருவை ஆக்குகிறது. அழகான விடை. ராஸ் பிரபுவின் ஓவியத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது போலிருந்தது.

*

இந்த விடையைச் சோதிக்க மேகங்களை நேரடியாகப் பார்த்தாக வேண்டும். அங்கேதான் இடர். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய எந்த ஒளியையும் உமிழ்வதில்லை. 1970இல் ஜார்ஜ் கரதர்ஸ், ராக்கெட்டில் அனுப்பிய புறஊதாக் கருவியால், விண்மீனிடை வெளியில் அந்த மூலக்கூறு இருப்பதை முதன்முதலாக உறுதிசெய்தார். அதே ஆண்டு ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் ஓரையன் நெபுலாவின் திசையில் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலையைக் கண்டனர். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவே. ஆயினும் அது குளிரிலும் பேசும். ஊமைக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளனைப்போல, அது இருக்குமிடத்தைக்கொண்டு ஹைட்ரஜன் இருக்குமிடத்தை அறிய முடிந்தது. 1970களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் கூரையில் பாட்ரிக் தாடியஸ் குழுவினர் 1.2 மீட்டர் விட்டமே கொண்ட சிறு தொலைநோக்கியை வைத்துப் பால்வெளியின் மேகங்களை வரைபடமாக்கத் தொடங்கினர். மாநகரின் மாடியிலிருந்து வானத்தின் குளிரை அளந்த முயற்சி அது.

1988இல் ஸ்டுவர்ட் வோகல், ஸ்ரீநிவாஸ் குல்கர்னி, நிக்கோலஸ் ஸ்கோவில் மூவரும் ராஸ் பிரபு வரைந்த அதே எம் 51ஐ ஆராய்ந்தனர். மூலக்கூறு வாயு ஒரு வரியாகவும், புதிதாய்ப் பிறந்த விண்மீன்கள் ஒளியேற்றிய வாயு அதையடுத்துச் சற்று விலகி இன்னொரு வரியாகவும் இருந்தன. முதலில் இறுகல், சிறிது காலம் கழித்துப் பிறப்பு என்ற கணக்குக்கு அது பொருந்தி வந்தது.

எனினும் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1986இல், புரூஸ் எல்மகிரீனும் டெப்ரா எல்மகிரீனும் சங்கடமான கேள்வியொன்றை எழுப்பியிருந்தனர். எம் 51 போல இரண்டு பெருங்கரங்கள் கொண்ட மண்டலங்கள் இருக்கின்றன. பஞ்சுத் துணுக்குகள் போலத் துண்டு துண்டான கரங்கள் மட்டுமே கொண்டவையும் இருக்கின்றன. கரமே தாயென்றால் முன்னவற்றில் விண்மீன் பிறப்பு மிகுந்திருக்க வேண்டுமல்லவா? கணக்கிட்டுப் பார்த்தபோது இரண்டிலும் பிறப்பு விகிதம் பெரிதும் வேறுபடவில்லை. பெருங்கரம் வாயுவை ஓரிடத்தில் கூட்டுகிறது. கூட்டாவிட்டாலும் அந்த வாயு வேறெங்கோ விண்மீனாகத்தான் போகிறது. சந்தைநாளில் ஊரின் வாணிபமெல்லாம் ஒரே திடலில் நடப்பதைக் கண்டு, திடல்தான் வாணிபத்தை உண்டாக்குகிறது என்று எண்ணுவது போன்ற பிழையாக இருக்கலாம் முதல் விடை. உருவம் ஆக்குவதில்லை, கூட்டுகிறது. இது இரண்டாம் விடை.

*

இரண்டில் எது சரியென்று தீர்ப்பதற்கு, ஒரே மண்டலத்தின் பல்வேறு இடங்களில் மேகங்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள ப்ளாத்தோ த ப்யூர் தொலைநோக்கிகளால் ஏவா ஷின்னரர் தலைமையிலான குழு எம் 51ஐ 130 ஒளியாண்டு நுணுக்கத்தில் வரைந்தது. 1500க்கும் மேற்பட்ட மேகங்கள் அடையாளம் காணப்பட்டன. கரத்தில் இருப்பவை, கரங்களுக்கு இடையில் இருப்பவை, மையத்தில் இருப்பவை என்று பிரித்து நோக்கியபோது அவை ஒரே இனமாக இல்லை. கரத்திலும் மையத்திலும் நிறைமிக்க மேகங்கள், இடைவெளிகளில் சிறியவை. அது மட்டுமன்று, கரத்தின் ஒரு பகுதியில் வாயு மிகுதியாக இருந்தும் பிறப்பு குன்றியிருந்தது. அங்கே வாயு கரத்தின் வழியே விரைந்து ஓடுவதால் மேகங்கள் சரிய முடியாமல் நிலைத்து நிற்கின்றன என்று ஷரன் மைட் விளக்கினார்.

பின்னர், சிலியின் அட்டகாமா பாலைநிலத்தில் 5000 மீட்டர் உயரத்தில் நிற்கும் அல்மா தொலைநோக்கிகள் 90 அண்டை மண்டலங்களை இதேபோல் அளந்தன. ஃபாங்ஸ் என்னும் அந்த ஆய்வின் முடிவுகள் 2021 முதல் வரிசையாக வந்தன. கரங்களில் விண்மீன் பிறப்பு செறிந்திருக்கிறது. காரணம், அங்கே வாயு செறிந்திருக்கிறது. ஒரே அளவு வாயுவை எடுத்துக்கொண்டால், கரத்திலும் கரத்துக்கு வெளியிலும் அது விண்மீனாகும் வேகம் பெரிதாக வேறுபடவில்லை. இரண்டாம் விடைக்கு இது வலுவான ஆதரவு. ஆனால் மேகத்தின் இயல்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதும் அதே ஆய்வால் உறுதியாயிற்று. மையத்தை நெருங்க நெருங்க மேகங்கள் அடர்ந்தும் உள்ளே கொந்தளித்தும் காணப்படுகின்றன. மேகம் மாறினால் கொத்தும் மாறும். எம் 83 மண்டலத்தை ஆராய்ந்த ஆஞ்செலா அடாமோ குழுவினர், வெளிப்பகுதியைக் காட்டிலும் உட்பகுதியில் நிறைமிக்க கொத்துகள் உருவாகின்றன என்று 2015இல் காட்டினர். நெருக்கம் மிகுந்த இடத்தில் பிறந்தவை சேர்ந்தே இருக்கின்றன. நெருக்கம் குறைந்த இடத்தில் பிறந்தவை விரைவில் சிதறித் தனித்தனியாகின்றன.

நிலத்துக்கேற்ப உயிரும் தொழிலும் ஒழுக்கமும் அமையும் என்ற திணைக்கோட்பாட்டில் பழகிய நமக்கு இது அந்நியமான சிந்தனையன்று. அந்தக் கோட்பாட்டில் பாலைக்கென்று தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்தால் அது பாலை. விண்மீன் மண்டலங்களிலும் அத்தகைய பாலைகள் உண்டு என்பதே மூன்றாம் விடையின் மையம்.

என்ஜிசி 1300 என்னும் மண்டலத்தின் நடுவே நீண்ட பட்டை ஒன்று கிடக்கிறது. அந்தப் பட்டையின் வழியே வாயு மையத்தை நோக்கி ஓடுகிறது. மேகங்கள் அங்கு இருக்கின்றன. விண்மீன்களோ அரிதாகவே பிறக்கின்றன. வாயுவின் வெவ்வேறு அடுக்குகள் வெவ்வேறு விரைவில் ஓடி மேகங்களைக் கிழிப்பதும், மேகங்கள் மட்டுமீறிய வேகத்தில் மோதிக்கொள்வதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பட்டை முடியும் முனைகளிலோ பிறப்பு கொழிக்கிறது. நம் பால்வெளிக்கும் இத்தகைய பட்டை உண்டென்று 1991இல் தெளிவாயிற்று. அந்தப் பட்டை கொண்டுவந்து சேர்த்த வாயு நம் மையத்தில் கோடிக்கணக்கான சூரிய நிறைக்குக் குவிந்து கிடக்கிறது. ஆனால் அத்தனை அடர்ந்த வாயுவிலிருந்து எதிர்பார்க்கத்தக்க பிறப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நிகழ்கிறது என்று ஸ்டீவன் லாங்மோர் குழுவினர் 2013இல் கணக்கிட்டனர். அங்கே பிறக்கும்போதோ, ஆர்ச்சஸ் போன்ற மிக நெருக்கமான கொத்துகள் பிறக்கின்றன.

உருண்டை வடிவ மண்டலங்களின் கதை இன்னும் விந்தையானது. அவை வாயு தீர்ந்துபோனதால் மலடானவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2011இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, இத்தகைய முதிய தோற்றமுள்ள மண்டலங்களில் ஐந்தில் ஒன்றிலேனும் மூலக்கூறு வாயு இருப்பதைக் காட்டியது. வாயு இருந்தும் பிறப்பு ஏன் குன்றுகிறது? விண்மீன்கள் தட்டையான தட்டாகப் பரவியிருந்தால், அவற்றின் ஈர்ப்பும் வாயுவின் ஈர்ப்போடு சேர்ந்து அதைத் துண்டு துண்டாக இறுக்கும். அதே விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டுவிட்டால் அந்தத் துணை இல்லாமற் போகிறது. சுழற்சியின் வேறுபாடு வாயுவை இழுத்து நீட்டி, அதைத் திரளவிடாமல் தடுக்கிறது. மாரி மார்ட்டிக் குழுவினர் 2009இல் கணினிப் பாவனைகளால் இதைக் காட்டினர். உருவமே பிறப்பை அடக்கிவிடக்கூடும் என்பது அதன் பொருள். 2015இல் என்ஜிசி 4526 என்னும் மண்டலத்தில் 103 மேகங்களை டையஸ் உடோமோ குழுவினர் பிரித்தறிந்தபோது, அவை நம் பால்வெளியின் மேகங்களைக் காட்டிலும் அடர்ந்தும் கொந்தளித்தும் இருந்தன. மேகத்தின் அளவுக்கும் உள்ளியக்கத்துக்கும் நம் மண்டலத்தில் காணப்படும் இணக்கம் அங்கே காணப்படவில்லை.

உருவம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. ஆண்டெனே என்று பெயர்பெற்ற இரண்டு சுருள் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. கரங்கள் கலைந்து நீண்ட வால்களாகிவிட்டன. 1990களில் ஹப்பிள் விண்தொலைநோக்கி அந்தச் சிதைவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளங்கொத்துகளைக் கண்டது. அவற்றுள் சில, பால்வெளியில் இன்று பிறக்கும் எந்தக் கொத்தையும்விடப் பன்மடங்கு பெரியவை.

*

இந்தக் கேள்வி நமக்கு எட்டாத் தொலைவில் நடப்பதன்று. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியனும் ஏதோவொரு மேகத்தில், பெரும்பாலும் ஒரு கொத்தில் ஒன்றாகப் பிறந்தது. அருகில் பெருவிண்மீன்கள் இருந்ததற்கான தடயம் விண்கற்களில், அலுமினியம் 26 என்னும் அழிந்துபோன கதிரியக்க அணுவின் எச்சமாக இன்றும் இருக்கிறது. அந்தக் கொத்து மிக நெருக்கமானதாக இருந்திருந்தால், பெருவிண்மீன்களின் கடுங்கதிரும் அண்டை விண்மீன்களின் ஈர்ப்பும் கோள்கள் உருவாகவேண்டிய தட்டையே குலைத்திருக்கக்கூடும். அளவான நெருக்கத்தில் பிறந்து, உரிய காலத்தில் பிரிந்துபோக வாய்த்ததால் நாம் இருக்கிறோம். அந்த அளவை வகுத்ததில், சூரியன் பிறந்த இடத்துக்கும் அன்றைய பால்வெளியின் உருவத்துக்கும் பங்குண்டு.

2021இன் இறுதியில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த 19 சுருள் மண்டலங்களின் படங்கள் 2024 ஜனவரியில் வெளியாயின. கரங்கள் நெடுகிலும் குமிழ்கள். இளங்கொத்துகளின் கதிரும் காற்றும், மடியும் விண்மீன்களின் வெடிப்பும் வாயுவைக் குடைந்து உண்டாக்கிய ஓட்டைகள் அவை. மேகங்களின் ஆயுள் 1 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளே என்று ஃபாங்ஸ் ஆய்வர்கள் மதிப்பிட்டிருப்பதன் பொருளை அங்கே கண்ணால் காணலாம். உருவம் கருவுக்கு இடம் வகுக்கிறது. கரு வளர்ந்து அந்த உருவத்தையே குடைந்து மாற்றுகிறது. எது முதல், எது முடிவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

எம் 51ஐப் பார்க்கும் எவருக்கும் முதலில் தெரிவன, ராஸ் பிரபு வரைந்த அதே கரங்கள்தாம். அவை பொய்யல்ல, பிறப்பின் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது. ஆனால் அந்த ஒளியின் அழகில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாம் கவனிக்கத் தவறியவை பிற இடங்கள்: கரங்களுக்கிடையே அமைதியாக விண்மீன்களை ஈனும் சிறு மேகங்கள், வாயு நிறைந்தும் வறண்டு கிடக்கும் பட்டைகள், கருவிருந்தும் பிறப்பு குன்றிய உருண்டைகள். விடை கிடைத்தது அவற்றையும் சேர்த்து எண்ணத் தொடங்கிய பிறகுதான்.